ஒரு ஒயரை வெட்டினால் புது கார் வாரண்டி மொத்தமும் போய்விடுமா?

கேள்வி இதுதான்: டர்போ பெட்ரோல் கார் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. எல்.இ.டி ஹெட்லைட், ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், அலாய் வீலோடு கொஞ்சம் அகலமான டயர், பிறகு முடிந்தால் ஒரு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டுவது), இவ்வளவும் செய்ய ஆசை. ஷோரூமில் கேட்டால் "ஒரு ஒயரை வெட்டினால்கூட மொத்த வாரண்டியும் கேன்சல் சார்" என்கிறார்கள். ஆக்சசரீஸ் கடைக்காரர் "ஒன்றும் ஆகாது, தினமும் பத்து வண்டிக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் முழுதாக நம்ப வேண்டாம். நான் கோவையில் ஒரு டீலர்ஷிப்பில் வாரண்டி பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன், கிளெய்ம் ஃபைல்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். அந்த மேஜையில் "இந்த வண்டிக்கு வாரண்டி இருக்கிறதா, போய்விட்டதா" என்ற கேள்வி வந்தது மிகக் குறைவு. வந்த கேள்வியெல்லாம் "இந்தப் பார்ட் ஏன் கெட்டுப்போனது" என்பதுதான். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

ஒரு கிளெய்ம் எப்படி நகர்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் சர்வீஸ் அட்வைசரிடம் சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள், முடிவெடுப்பது அவர் இல்லை. வண்டி வந்ததும் ஜாப் கார்டு போடுவார்கள், டெக்னீஷியன் ஸ்கேனர் மாட்டிக் கோளாறு கோடுகளை எடுப்பார், கெட்டுப்போன பார்ட்டைப் படம் எடுப்பார்கள், பெரிய தொகை என்றால் வேலை ஆரம்பிக்கும் முன்பே கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு கம்பெனி அந்தப் பணத்தை டீலருக்குத் தரும். கம்பெனி மறுத்துவிட்டால் பார்ட் விலையும் கூலியும் டீலர் தலையில்தான். அதனால் வண்டியில் வெளியே போட்ட பொருள் எதையாவது பார்த்தாலே டீலர் ஆட்கள் பயப்படுவார்கள், "வாரண்டி கேன்சல்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த வார்த்தை கம்பெனியின் முடிவு இல்லை, கவுண்டரில் இருப்பவரின் பயம்.

ஒரு வண்டியை இன்றும் மறக்க முடியவில்லை. வாங்கி ஐந்து மாதம். ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று வந்தார்கள், கூடவே ஏ.சி. கூலிங் இல்லை என்றும் ஒரு புகார். பிரித்துப் பார்த்தால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங், அதாவது ஸ்டியரிங் சுற்றும்போதும் மின் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்கச் சுருட்டி வைத்த மெல்லிய பட்டை, கருகியிருக்கிறது. காரணம் ஹாரன். பொதுவாக ஸ்டியரிங்கில் ஹாரனை அழுத்தும்போது அந்த பட்டன் வழியாகப் போவது மிகச் சிறிய மின்சாரம், அது ரிலேயை மட்டும் இயக்கும், ஹாரனுக்கான கனமான மின்சாரம் ரிலே வழியாகத் தனியே போகும். வெளியே இரட்டை ஹாரன் போட்டுக் கொடுத்தவர் அந்த ரிலேயைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார், மொத்த மின்சாரமும் காகிதம் போல மெல்லிய அந்தப் பட்டை வழியாகப் போய்க் கருக்கிவிட்டது. டிரைவர் ஏர்பேக்கின் இணைப்பும் அதே பட்டையில்தான் போகிறது, அதனால்தான் ஏர்பேக் விளக்கு. கிளாக் ஸ்பிரிங் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது, நானே எழுதி அனுப்பினேன், அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் அதே வண்டியில், அதே ஜாப் கார்டில், ஏ.சி. கண்டென்சரில் இருந்த கசிவு வாரண்டியில் மாற்றிக் கொடுக்கப்பட்டது. ஹாரனுக்கும் கண்டென்சருக்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான். எண்ணூறு ரூபாய் ஹாரனால் ஒருவருடைய ஏர்பேக் ஐந்து மாதத்தில் வேலை செய்யாமல் போனதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பல கம்பெனிகளின் வாரண்டி புத்தகத்தில் "மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு வாரண்டி பொருந்தாது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், உங்கள் புத்தகத்திலும் தேடிப் பாருங்கள். அந்த வரியை அப்படியே படித்தால் ஷோரூம்காரர் சொல்வது சரி போலத் தோன்றும். ஆனால் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது ஒரு உத்தரவு போட்டது, உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் அடைத்து வைத்தது தொடர்பான வழக்கு, அபராதம் மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய். அதில் வாரண்டி பற்றியும் ஒரு பகுதி உண்டு: வெளி கேரேஜில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வதாக நிபந்தனை போடக்கூடாது, அந்த வெளிவேலையில் நடந்த தவறால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று சொன்னார்கள். அந்த வழக்கு அப்புறம் மேல்முறையீடு என்று நீண்டது. அதோடு அது வெளி ரிப்பேர் பற்றியது, ரீமேப் செய்தவர்களுக்கான பாதுகாப்பு என்று அதை நீட்ட முடியாது. ஆனாலும் சேதத்துக்கும் காரணத்துக்கும் முடிச்சு இருக்க வேண்டும் என்ற அந்தத் தர்க்கத்தில்தான் நல்ல ஏரியா மேனேஜர்கள் முடிவெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

யூடியூபில் அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு "கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், சட்டம் இருக்கிறது" என்று வருகிறவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது 1975-ல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், வெளி பார்ட் போட்டதாலேயே வாரண்டியை மறுக்க அங்கே முடியாது. அது அமெரிக்கச் சட்டம், இங்கே செல்லாது. நம் ஊரில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தயாரிப்புக் குறைபாடு இருந்தது என்று காட்டும் சுமை பெரும்பாலும் புகார் கொடுத்தவர் மேல்தான் வரும், நிபுணர் அறிக்கை கேட்பார்கள். அதனால் பேப்பர் முக்கியம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் பட்டியல்.

ஹெட்லைட். உங்கள் வண்டியில் ஹாலஜன் எச்4 என்றால் அது 60/55 வாட். கடைகளில் இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று 100/90 வாட் பல்பு. இதைச் செய்யவே செய்யாதீர்கள். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போன ஒயரில் 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் போகும், ஒயரில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும், ஹோல்டர் உருகுவதும் ரிஃப்ளெக்டர் பொசுங்குவதும் அதனால்தான். இன்றைய பல வண்டிகளில் ஹெட்லைட்டை இயக்குவது பாடி கன்ட்ரோல் மாடியூல் என்ற சின்னக் கம்ப்யூட்டர், அது அடிவாங்கினால் பவர் விண்டோ, வைப்பர், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்து வம்பு செய்யும், அந்தக் கிளெய்மை யாரும் ஏற்கமாட்டார்கள். இரண்டாவது எல்.இ.டி பல்பு. மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும், ஒயரிங்குக்கு ஆபத்து குறைவு, ஆனால் ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் அடிக்கும், சில வண்டிகளில் பல்பு போய்விட்டது என்று மாடியூல் நினைத்துக்கொள்ளும், விளக்கு துடிக்கும், அதை நிறுத்த ஒரு ரெசிஸ்டரை இடையில் சொருகுவார்கள், அது அடுப்பு மாதிரி சுடும். எனக்குக் கேட்டால், முதலில் ஹெட்லைட் வெளிச்சத்தின் உயர அட்ஜஸ்ட்மென்ட்டைச் சரிபார்த்துவிட்டு, நல்ல பிராண்டு 60/55 வாட் பல்பையே ரிலே வைத்த கப்ளர் டு கப்ளர் (ஒரிஜினல் பிளக்கிலேயே சொருகும்) ஒயரிங் கிட்டோடு போடுங்கள். எதையும் வெட்ட வேண்டாம், கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும், ராத்திரியில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வித்தியாசமும் இருக்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன். இங்கேயும் அதே விதிதான், உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர், கேன் அடாப்டரோடு (ஸ்க்ரீனை வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேச வைக்கும் சின்னப் பெட்டி) போட்டால் பிரச்சினை அரிது. அடித்தட்டு கடைகளில் ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள், நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்தில் அந்தப் பசை இளகி டேப் கழன்றுவிடும். பேட்டரி இரண்டு நாளில் இறங்குகிறது என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நான் பார்த்த காரணம் இதுதான்: ஸ்க்ரீன் முழுதாக ஆஃப் ஆகாமல் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பேட்டரிக்கு உத்தரவாதம் தருவது கார் கம்பெனி இல்லை, பேட்டரி கம்பெனி, டயருக்கும் அப்படித்தான், அவர்களும் சோதித்துப் பார்த்துதான் தருவார்கள். ஆம்ப்ளிஃபயரும் போடப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும் வசதி உள்ள வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். எர்த் ஒயரை நேராக அந்த முனையில் மாட்டினால் ஆம்ப் எடுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். எர்த்தை பாடியில்தான் கொடுக்க வேண்டும், பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். உங்கள் கடைக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், அவர் திறமையை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

டயர். உங்கள் அளவைச் சொல்லவில்லை, 185/65 ஆர்15 என்று வைத்துக்கொள்கிறேன் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்). அதன் மொத்த உயரம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/65 ஆர்15 போட்டால் 634, மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 102 போவீர்கள், பரவாயில்லை. 205/65 போட்டால் 647, நான்கு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, ஃபெண்டரில் உரசும், ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் கணக்கும் தடுமாறும். 16 இன்ச் அலாய்தான் வேண்டும் என்றால் 195/55 ஆர்16 பாருங்கள், உயரம் கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவேதான். டயரைவிட அலாயின் ஆஃப்செட்தான் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) ஆபத்தானது, வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க அழகு, ஆனால் வீல் பேரிங்கில் சுமை மாறும், பேரிங் சத்தம் என்று வந்தால் முதலில் பார்ப்பதே வீலைத்தான். அதே மாடலின் டாப் வேரியன்ட்டில் வரும் ஒரிஜினல் அலாயை அதே டயர் அளவில் வாங்கிப் போடுவதுபோல் நிம்மதி வேறு இல்லை.

ரீமேப். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், கோவையில் ரேஸ் டிராக் பக்கம் வளர்ந்தவன் என்பதால் ஆசை எனக்கும் புரியும்.

ரீமேப் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது, டர்போ வண்டியில் பூஸ்ட்டையும் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) இக்னிஷனையும் (ஸ்பார்க் வரும் நேரம்) ஏற்றி டார்க்கை, அதாவது எஞ்சினின் திருப்பு விசையை, கூட்டுவது. கம்பெனி விட்டுவைத்த இடைவெளியைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இடைவெளி வண்டிக்கு வண்டி வேறு. வோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியாவின் 1.5 டி.எஸ்.ஐ. எஞ்சின் தருவது 250 நியூட்டன் மீட்டர், அதோடு வரும் ஏழு கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உச்ச வரம்பும் அதே 250 தான். அங்கே இடைவெளியே இல்லை, ரீமேப் செய்கிற நாளிலிருந்தே கியர்பாக்ஸ் வரம்பைத் தாண்டி ஓடுகிறது. சின்ன டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் இன்னொரு ஆபத்து, குறைந்த ஆர்.பி.எம்.மில் அதிக பூஸ்ட் ஏற்றினால் ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். சில நொடியில் நடந்துவிடும், செலவு லட்சத்தில் வரும்.

"சர்வீசுக்கு விடும் முன் பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது" என்று சொல்வார்கள். தெரியும். பல எஞ்சின் கம்ப்யூட்டர்கள் எத்தனை முறை எழுதப்பட்டோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளும், ஷோரூம் ரெக்கார்டில் இல்லாத ஒரு எண்ணிக்கை கூடியிருந்தால் அதுவே போதும். அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் குழுமம் ரீமேப் கண்டுபிடித்த வண்டிக்கு டிடி1 என்று ஒரு குறியே போட்டு வைக்கிறது, அப்புறம் எந்த ஊர் டீலரிடம் போனாலும் அந்தக் குறி கூடவே வரும். ஒயரோடு மாட்டிக் கழற்றும் டியூனிங் பாக்ஸும் தப்பிப்பதில்லை, கோளாறு கோடு விழும் நொடியில் பூஸ்ட், வெப்பம், லோடு எல்லாம் எவ்வளவு இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எடுத்து வைக்கும், பெட்டியைக் கழற்றினாலும் அந்த எண்கள் அப்படியே இருக்கும். மறைத்துக் கிளெய்ம் கேட்பது பொய்க் கிளெய்ம் என்பது வேறு விஷயம், அதையும் செய்யாதீர்கள்.

ரீமேப் செய்த வண்டியில் எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட் இவ்வளவும் வாரண்டிக்கு வெளியே போய்விட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் ஷோரூம்காரர் சொல்வது கிட்டத்தட்ட உண்மை, ஏனென்றால் டார்க் கூடினால் பாதிக்காத பார்ட் அந்தச் சங்கிலியில் ஒன்றும் இல்லை. பவர் விண்டோ மோட்டாருக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் வாரண்டி கேட்டு வாதாடலாம், கிடைக்கவும் செய்யும், ஆனால் பெரிய செலவு எல்லாம் முதல் பட்டியலில்தான் இருக்கிறது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஷோரூமிலேயே போட்டுக் கொடுத்தார்கள், அப்போது வாரண்டி உண்டுதானே?" டெலிவரி நாளில் ஷோரூமில் மாட்டும் எல்லாமே கம்பெனி ஆக்சசரி கிடையாது. சென்னை பேட்டர்ஸ் ரோட்டு ஆக்சசரீஸ் கடைகளிலிருந்து எடுத்துவந்த பொருளை ஷோரூம் பையன் மாட்டிவிடுவதும் நடக்கும். பில்லில் கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். "ஆக்சசரீஸ் கிட் – 25,000" என்று ஒற்றை வரியில் பில் போட்டால் ஏற்காதீர்கள், ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். பார்ட் நம்பர் இருந்தால் அந்தப் பொருளால் வரும் கோளாறும் அவர்கள் பொறுப்பு, இல்லையென்றால் கடையில் போட்டதும் ஷோரூமில் போட்டதும் ஒன்றுதான்.

சீட் கவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் அதை மாற்றமாக நினைப்பதில்லை. ஆறு ஏர்பேக் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் ஓரத்திலிருந்துதான் விரியும், அதை இறுக்கித் தைத்த கவர் மூடியிருந்தால் விபத்து நேரத்தில் அந்த ஏர்பேக் சரியாக விரியாது. அந்தப் பக்கம் திறப்பு விட்ட கவர் என்று கேட்டு வாங்குங்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் மூடிக்கு மேல் பிள்ளையார் சிலை ஒட்டியிருந்தால் தயவுசெய்து அவரை நடுவில் நகர்த்தி வையுங்கள், ஏர்பேக் விரியும் வேகத்தில் எதிரே இருப்பவர் முகத்துக்குத்தான் அது வரும்.

வாரண்டி வேறு, ஆர்.டி.ஓ. சட்டம் வேறு, இன்சூரன்ஸ் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் வந்தது. முன்னால் போடும் இரும்பு புல் பார் 2017 டிசம்பரிலிருந்தே கூடாது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தை அது குழப்பும் என்பதும் ஒரு காரணம். சி.என்.ஜி. கிட் முறைப்படி போடலாம், பிஎஸ்6 பெட்ரோல் வண்டிக்கும் 2022-ல் அனுமதி வந்தது, ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் பதிய வேண்டும். ஆனால் சட்டம் அனுமதித்தது என்பதற்காகக் கம்பெனி எஞ்சின் வாரண்டியைத் தொடராது, ஃபேக்டரியிலேயே சி.என்.ஜி.யோடு வரும் வண்டியில் வால்வும் வால்வ் சீட்டும் அதற்கேற்ப வரும், வெளியே மாட்டும்போது அது கிடைக்காது.

கிளெய்மை மறுத்தால் என்ன செய்வது? வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எந்தப் பார்ட், என்ன கோளாறு, எந்த மாற்றத்தால் வந்தது என்று சொல்கிறார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில் போதும். எங்களிடம் ஒருவர் வந்தார், வாட்டர் பம்ப் கசிவு, வண்டியில் வெளி ஸ்டீரியோ இருப்பதைப் பார்த்து அட்வைசர் மறுத்துவிட்டார். அவர் கத்தவில்லை, "ஸ்டீரியோவால் வாட்டர் பம்ப் கசிந்தது என்று எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டார். யாராலும் எழுத முடியவில்லை, ஃபைல் ஏரியா மேனேஜருக்குப் போய் அடுத்த நாளே பாஸ் ஆனது. அங்கும் நடக்கவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு, அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கெட்டுப்போன பார்ட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிவிட்டால் பழைய பார்ட் உங்கள் கையில் இருக்காது.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. ஹெட்லைட் கிட்டும் ஸ்க்ரீனும் இப்போதே போடலாம், வெட்டாத ஒயரிங், பெயர் போட்ட பில், போடும் முன் அந்த இடத்தின் நான்கைந்து படம், கழற்றிய ஒரிஜினல் ஸ்டீரியோவைப் பெட்டியோடு பரணில் வையுங்கள். அலாய்க்கு அவசரப்படாதீர்கள், இப்போதிருக்கும் டயர் தேயட்டும், மாற்றும் நேரத்தில் இரண்டையும் சேர்த்து வாங்கினால் பணமும் மிச்சம். ரீமேப்பை வாரண்டி முடியும் வரை தள்ளிப் போடுங்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அதுவும் முடியும் வரை. அதுவரை அந்த எஞ்சினை ஒரிஜினல் கணக்கிலேயே ஓட்டி, ஆயிலைச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றி வாருங்கள். பிறகு செய்யப்போகும் ரீமேப்பைத் தாங்கும் உடம்பு அந்த எஞ்சினுக்கு இப்போதுதான் கிடைக்கிறது.